ஒரு கிலோ இறால், மூன்று சட்டி

நாற்பது கவுண்ட் இறால், அதாவது கிலோவுக்கு நாற்பது நிற்கும் இறால், வேக மூன்று நிமிடம் தாராளம். அதற்கு முன்னால் இருக்கும் வேலைதான் நீளம்: பார்த்து வாங்குவது, தலை கிள்ளுவது, ஓடு உரிப்பது, குடல் எடுப்பது, ஓட்டைக் காய்ச்சி வடிப்பது. நிறைய வீடுகளில் இந்த வேலையைச் சந்தையிலேயே முடித்து வாங்கி, வீட்டுக்கு வந்து மசாலாவோடு சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க விடுகிறார்கள். அப்புறம் இறால் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி, பல்லுக்கு அடியில் இழுக்கிறது. மசாலாவுக்குத் தேவையான நேரம் வேறு, இறாலுக்குத் தேவையான நேரம் வேறு. இரண்டையும் பிரித்துச் சமைத்தால் என்ன கிடைக்கும் என்பதை இந்த ஞாயிறு எடையும் நேரமும் குறித்து வைத்துக்கொண்டு செய்தேன்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய் வரத் தொடங்கிவிட்டதால் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கடல் இறால் நன்றாகவே வந்திருந்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அந்த நாட்களில் சென்னையில் கண்ணில் படுவது பெரும்பாலும் பண்ணை இறால்தான்.

"எறா எப்ப வந்ததுக்கா?"

"விடியக்காலம் வந்தது தம்பி. தலைய அமுக்கிப் பாரு, கழண்டு வந்துச்சுன்னா வாங்காத."

அந்த அக்கா சொன்னதுதான் எனக்குத் தெரிந்த நல்ல சோதனை. இறாலின் தலைக்குள் செரிமானச் சுரப்பி இருக்கிறது. உயிர் போனதும் அதிலிருக்கும் நொதிகள் பக்கத்துச் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். முதலில் தளர்வது கழுத்துதான். தலை உடம்போடு இறுக்கமாக நின்றால் புதுசு. தொட்டதும் ஆடினால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து மூக்கு: கடல் வாசம் வரலாம், அம்மோனியா நெடி வரவே கூடாது. அடுத்து ஓடு: வழவழவென்று மினுங்க வேண்டும், கையில் பிசுபிசுக்கக் கூடாது. தலையிலும் கால்களிலும் கருப்பு ஏறியிருந்தால் அது கெட்டுப்போனதற்கு உறுதியான அடையாளம் என்று சொல்ல முடியாது. வெட்டிய கத்திரிக்காயைக் கறுக்க வைக்கும் அதே வகை நொதி இறாலிலும் வேலை செய்கிறது. ஆனாலும் பிடித்து நாளாகிவிட்டது, அல்லது ஐஸ் சரியாகப் போடவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஆகவே நான் அதைத் தள்ளிவிடுவேன்.

அளவை வியாபாரிகள் கவுண்ட் கணக்கில் சொல்வார்கள். கிலோவுக்கு 40 நின்றால் 40 கவுண்ட். எண் குறையக் குறைய இறால் பெரிது. தொக்குக்கும் வறுவலுக்கும் 40 கவுண்ட் நடுத்தரமான, நல்ல அளவு. நான் வாங்கியது ஒரு கிலோ வெள்ளை இறால்.

பக்கத்துத் தட்டிலேயே வனாமி என்ற பண்ணை இறாலும் இருந்தது, விலையும் குறைவு. வனாமியை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதன் சொந்த ஊர். 1990களில் நம் கரையோரப் பண்ணைகளில் புலி இறால் வளர்த்தார்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாக அழித்தது. 2009-இல் வனாமி வளர்க்க அனுமதி கிடைத்த பிறகு பண்ணைகள் அதற்கு மாறிக்கொண்டன. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களை நம் நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். சுவையில் கடல் இறாலின் அழுத்தம் வனாமிக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்று நாள் பழைய கடல் இறாலைவிட, காலையில் குளத்திலிருந்து எடுத்து ஐஸில் வந்த வனாமி எவ்வளவோ மேல்.

பழவேற்காடு ஏரி இறால் கிடைத்தால் மட்டும் வேறு எதையும் பார்க்க மாட்டேன். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் அந்த ஏரியின் இறாலுக்குத் தனி இனிப்பு உண்டு. அங்கே இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கைக்கு அகப்படுவதை அதில் போடுவார்கள். அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கும் விலை போதாது என்பது என் எண்ணம்.

சரி, வீட்டுக்கு வருவோம். சந்தையிலேயே உரித்துத் தர ஆள் உண்டு. நான் கொடுப்பதில்லை. அங்கே தலையும் ஓடும் குப்பைக்குப் போய்விடும், எனக்கோ குழம்பின் பாதி அதில்தான் இருக்கிறது. தவிர, உரித்த சதை ஐஸ் இல்லாமல் பையில் வருவதும் சரிப்படாது. ஐஸ் தூளோடு முழு இறாலாகவே கொண்டுவந்தேன்.

வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். ஒவ்வொரு இறாலாக எடுத்துத் தலை, ஓடு, குடல் என்று முடிக்க ஆரம்பித்தால், கடைசி இறாலின் தலை அதுவரை உடம்பிலேயே இருக்கும். அந்த நொதிகளும் அதுவரை வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் சுற்றில் தலை மட்டும். இடது கையில் உடம்பு, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கழுத்து மடிப்பில். லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். நாற்பது தலையும் ஒரு கிண்ணத்தில், உடம்புகள் ஐஸ் நிரப்பிய பாத்திரத்தின் மேல் வைத்த தட்டில். ஐஸ் உருகும் தண்ணீரில் இறால் மிதக்கக் கூடாது, இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும்.

இரண்டாம் சுற்று ஓடு. கால்கள் இருக்கும் அடிப்பக்கத்தில் கட்டைவிரலை நுழைத்து ஒதுக்கினால் ஓடு இரண்டு மூன்று வளையமாகச் சேர்ந்தே கழன்றுவிடும். கடைசி வளையத்துக்கு வந்ததும் வாலின் அடியை விரலால் நெருக்கிப் பிடித்து மெல்ல இழுத்தால் உள்ளே இருக்கும் சதைத் துணுக்கும் சேர்ந்து வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அது வாலோடு போய்விடும். வறுவலுக்கு எடுத்து வைத்தவற்றில் வாலை விட்டுவிட்டேன், பிடித்துச் சாப்பிட வசதி. வால் விசிறியின் நடுவே ஊசி போல ஒரு முள் நிற்கும். அதை மட்டும் ஒடித்துவிட வேண்டும், குழந்தைகள் வாயில் குத்தும்.

மூன்றாம் சுற்று குடல். முதுகில் ஓடும் கருப்புக் கோடுதான் இறாலின் குடல், கருப்பாகத் தெரிவது அது தின்றது. நன்றாக வெந்தபின் அதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஆனால் கடல் இறாலில் மணல் நறநறக்கும், சில சமயம் கசக்கும். இதற்குக் கத்தியைவிடப் பல்குச்சி நல்லது. இறாலை விரல்மேல் வளைத்துப் பிடித்தால் முதுகு விரியும். தலைப்பக்கமிருந்து இரண்டாவது, மூன்றாவது வளையத்துக்கு இடையில், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே குச்சியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குத்தி, அப்படியே மேலே தூக்க வேண்டும். நிதானமாகத் தூக்கினால் கருப்பு நூல் முழுசாக உருவிக்கொண்டு வரும். நடுவில் அறுந்தால் வால் பக்கத்தில் இன்னொரு இடத்தில் குத்தி எடுக்கலாம். இப்படி எடுத்த இறால் பிளவில்லாமல் உருண்டையாக நிற்கும், தொக்குக்கு அதுதான் அழகு. வறுவலுக்கு மட்டும் முதுகைக் கத்தியால் கால் அங்குல ஆழத்துக்குக் கீறிக் குடலை எடுத்தேன். சூட்டில் அது விரிந்துகொள்ளும், மசாலாவும் பிடிக்கும். சில இறாலில் குடல் வெறுமையாக இருந்து கோடே தெரியாது. அதைத் தேடிச் சதையைக் கிழிக்க வேண்டாம். வயிற்றுப் பக்கத்தில் தெரியும் இன்னொரு கோடு நரம்பு. அதை எடுப்பவர்களும் இருக்கிறார்கள், நான் தொடுவதில்லை.

கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் ஒரு ஸ்பூன் கல் உப்பு கரைத்து அதில் ஒரு அலசு, வெறும் தண்ணீரில் ஒரு அலசு. உடனே வடிகட்டியில் போட்டுத் துணியால் ஒற்றி எடுத்தேன். எடை போட்டால் சதை 540 கிராம். கிலோவுக்கு வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல்தான் இறால் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மீதி எடை தலையும் ஓடும். இனி அதற்கு வருகிறேன்.

தலைகளைக் கத்தரிக்கோலால் கண்ணுக்குப் பின்னால் ஒரு வெட்டு வெட்டி, முன்பகுதியைத் தூக்கிப் போட்டேன். கொம்பும் கண்ணும் அதோடு போய்விடும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மணல் பையும் போய்விடும். இதைச் செய்யாமல் தலையைக் கொதிக்க வைத்தால் சாறில் நறநறப்பு வரும். மிச்சமிருக்கும் தலைப்பகுதியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொழுப்பு மாதிரி இருக்கிறதே, அதுதான் சொத்து.

முதல் சட்டி இதற்கு. இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் தலையையும் ஓட்டையும் போட்டுப் பெரிய தீயில் வதக்கினேன். சாம்பல் நிறம் நிமிடத்தில் சிவப்பாகிறது. அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி இறாலின் ஓட்டில் முதலிலிருந்தே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதால் நீலச் சாம்பலாகத் தெரிகிறது. சூட்டில் புரதத்தின் பிடி விட்டதும் சிவப்பு வெளியே வருகிறது. இந்த நிறமி எண்ணெயில் கரையும். அதனால்தான் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் எண்ணெயில் வதக்குவது. ஐந்து நிமிடத்தில் சட்டியில் இருந்த எண்ணெயே செம்மஞ்சளாகிவிட்டது, வாசனை கூடம் வரை போனது. அப்புறம் நாலு டம்ளர் தண்ணீர், நாலு மிளகு, தட்டிய பூண்டு இரண்டு பல். சின்னத் தீயில் இருபது நிமிடம். கரண்டியால் தலைகளை அவ்வப்போது நசுக்கிவிட்டேன். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் ஓட்டின் கசப்பு ஏறும் என்பது என் அனுபவம். வடிகட்டினால் மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகச் சாறு. உப்பு போடாமலேயே அதற்கு ருசி இருக்கிறது.

இரண்டாம் சட்டி வறுவல். இதில் ஒன்றைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். சீன உணவகங்களில் இறால் நறுக்கென்று கடிபடுவதற்குச் சமையல் சோடா ஒரு காரணம் என்பார்கள். வறுவலுக்கு வைத்த 240 கிராமை மூன்று கிண்ணமாகப் பிரித்தேன். ஒன்றில் உப்பும் மஞ்சளும் மட்டும். இரண்டாவதில் அவற்றோடு இரண்டு சிட்டிகை சமையல் சோடா. மூன்றாவதில் உப்பு, மஞ்சள், அரை மூடி எலுமிச்சைச் சாறு. இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில். வெளியே எடுத்தபோதே எலுமிச்சைக் கிண்ணத்து இறால் மேலெல்லாம் வெளுத்திருந்தது. புளிப்பு அடுப்பின் வேலையை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது. மூன்றிலும் ஒரே அளவு மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, துளி அரிசி மாவு சேர்த்துப் பிசிறினேன்.

இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்து எண்ணெய் நெளியத் தொடங்கியதும், ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம். சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கி, இறால் தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

சோடா போட்டது உருண்டு திரண்டு நின்றது, கடித்தால் நறுக்கென்றது, மேல்தோலும் சீக்கிரம் சிவந்தது. சோடாவின் காரத்தன்மை புரதம் இறுகிச் சுருங்குவதைக் குறைத்து, தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கிறது. ஆனால் இறாலின் இயல்பான இனிப்பு ஒரு படி கீழே போயிருந்தது. உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டது இனிப்பில் முதலிடம், கடியும் மோசமில்லை. எலுமிச்சையில் ஊறியது மேலே மாவு மாதிரி உதிர்ந்து, உள்ளே உலர்ந்திருந்தது. என் தீர்ப்பு: புது இறாலுக்கு உப்பும் மஞ்சளும் போதும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த இறாலுக்கும் வனாமிக்கும் வறுவலில் மட்டும் சோடா உதவும். நான் கிண்ணத்தில் போட்ட இரண்டு சிட்டிகை அளவைத் தாண்டினால் சவுக்கார வாடை வரும். எலுமிச்சை இறக்கிய பிறகு பிழிவதற்கு.

மூன்றாம் சட்டி தொக்கு, இந்த ஞாயிறின் முக்கிய வேலை. மிச்சமிருந்த 300 கிராம் இறாலை உப்பு மஞ்சளோடு, சூடான எண்ணெயில் பக்கத்துக்கு அரை நிமிடம் மட்டும் காட்டி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். வெளியே நிறம் மாறியிருந்தது, நடுவில் இன்னும் பச்சை. அதே எண்ணெயில் இன்னும் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து, சோம்பு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 200 கிராம். வெங்காயத்துக்கு அவசரம் ஆகாது. சின்னத் தீயில் பன்னிரண்டு நிமிடம், ஓரம் பழுப்பாகும் வரை. பிறகு இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன், பச்சை வாசனை போனதும் பழுத்த நாட்டுத் தக்காளி மூன்று. அது குழைந்ததும் வீட்டில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், கொஞ்சம் மஞ்சள், உப்பு. தூள் எண்ணெயில் ஒரு நிமிடம் பிரண்டதும் ஓட்டுச் சாறு ஒரு டம்ளர்.

இங்கேதான் தண்ணீருக்கும் சாறுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. இறால் இன்னும் சட்டிக்குள் வரவே இல்லை, மசாலாவில் இறால் வாசனை முழுசாக இருக்கிறது. பதினைந்து நிமிடம் நன்றாகச் சுண்டவிட்டேன். குமிழிகள் கனத்து, நிதானமாக வெடித்து, ஓரத்தில் எண்ணெய் சிவப்பு வளையமாகப் பிரிந்து நின்றது. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, மசாலா மெதுவாக மூடியது. அந்தப் பதத்தில் தட்டில் இருந்த இறாலையும் அது விட்டிருந்த சாறையும் சேர்த்து, இடித்த மிளகு ஒரு ஸ்பூன் தூவி, சரியாக இரண்டு நிமிடம் கிளறி அடுப்பை அணைத்தேன். சட்டியின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும், அதற்கும் இடம் விட வேண்டும். இறால் லேசாக வளைந்து, நடுவில் கண்ணாடித்தன்மை போய் வெள்ளையானால் போதும். தலையும் வாலும் தொடும்படி சுருண்டுவிட்டால் அதிகம் வெந்துவிட்டது. அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இறாலின் சதை இறுகத் தொடங்கிவிடும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது.

பழைய கைகள் இதை வேறு மாதிரி செய்வார்கள். இறாலை உப்பு மஞ்சளோடு சட்டியில் போட்டு, அது விடும் தண்ணீரிலேயே வேகவிட்டு, சுத்தமாக வற்றிய பிறகு மசாலாவில் சேர்த்துச் சுருள வதக்குவார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் நீரை வற்றவைத்து நாளைக்கும் தாங்க வைக்கும் முறை அது. அந்த அழுத்தமான ருசியில் வளர்ந்தவர்களுக்கு என் தொக்கு இறால் பச்சையாக இருப்பது போலத் தோன்றலாம். என் அம்மாவே "இன்னும் ரெண்டு கொதி விட்டிருக்கலாம்டா" என்றார். ஆனாலும் மறுசோறு தொக்கோடுதான் போட்டுக்கொண்டார். பொடி இறாலுக்கு அந்தப் பழைய முறையே சரி என்று நானும் சொல்வேன். பொடி இறாலில் கடிக்கும் பதத்தை எதிர்பார்ப்பதில்லை, கத்திரிக்காயோடும் சுரைக்காயோடும் கரைந்து ருசி கொடுத்தால் போதும்.

மிச்சச் சாறு இரண்டு டம்ளரில் அன்று இரவு கத்திரிக்காய் குழம்பு. புளியைக் கொஞ்சம் குறைத்துக் கரைத்து, வழக்கம் போல வைத்ததுதான். இறாலே போடாத இறால் குழம்பு.

சில விஷயங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலருக்கு இறால் ஒவ்வாமை உண்டு, சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும். அதற்குக் காரணமான புரதம் கொதித்தாலும் அழிவதில்லை. கண்ணுக்கு இறால் தெரியாத இந்தக் கத்திரிக்காய் குழம்பு போன்றவற்றில்தான் ஆபத்து அதிகம். விருந்தாளிக்குப் பரிமாறும் முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அதிகம் வாங்கிவிட்டால் தலையை மட்டும் கிள்ளி, ஓட்டோடு டப்பாவில் அடுக்கி, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி உறைய வைக்கலாம். ஐஸ் கவசம் இருப்பதால் சதை காய்ந்துபோகாது. எடுக்கும்போது முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டால் நிதானமாக இளகும். இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. மறுநாள் தொக்கைச் சூடாக்கும்போது இறாலைத் தனியே பொறுக்கி வைத்துவிட்டு, மசாலாவைக் கொதிக்கவிட்டு, கடைசியில் இறாலைச் சேர்த்து அது உள்வரை சூடேறியதும் இறக்குகிறேன். இட்லிக்கு அந்த மறுநாள் தொக்கு முதல் நாளைவிட நன்றாகச் சேரும்.

வடிகட்டிய ஓட்டைக் குப்பைக்கூடையில் போட்டால் இரவுக்குள் வீடே நாறும். செய்தித்தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, குப்பை வண்டி வரும் காலையில் எடுத்துப் போடுகிறேன். கை வாடைக்குப் புளி தேய்த்துக் கழுவினால் போகும்.

அடுத்த முறைக்குக் குறித்து வைத்தது: தக்காளி மூன்றுக்கு இரண்டரை போதும், ஓட்டுச் சாறின் இனிப்பை மீறிப் புளிப்பு தூக்கலாக இருந்தது. மிளகை அரை ஸ்பூன் கூட்டலாம். வறுவலையும் தொக்கையும் ஒரே நாளில் வைக்காமல், ஒரு கிலோவையும் தொக்காகவே செய்து, கிடைக்கும் சாறு முழுவதையும் முக்கால் டம்ளராகச் சுண்டவைத்து ஊற்றிப் பார்க்க வேண்டும்.